மலிவு விலை கார்ட்லெஸ் ராட்செட் வாங்கலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கார்ட்லெஸ் ராட்செட்டை, அதாவது போல்ட்டுகளைச் சுற்றிக் கழற்றவும் பூட்டவும் பேட்டரியில் ஓடும் கருவியை, வாங்கிவிட்டு அலமாரியில் தூங்கவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே வரிசையில்தான் தவறுகிறார்கள். முதலில் பெட்டியின் மேல் அச்சிட்ட முறுக்குவிசை எண்ணை (போல்ட்டை எவ்வளவு பலமாகத் திருப்பும் என்பதை)ப் பார்க்கிறார்கள். பிறகு விலையைப் பார்க்கிறார்கள். பேட்டரியை மூன்றாவதாக யோசிக்கிறார்கள். போல்ட்டில் மாட்டும் அதன் தலை தங்கள் வேலை இடத்தில் நுழையுமா என்பது கருவி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் இந்த வழிகாட்டி. முதல் ஐந்து படிகளுக்கு ஒரு பைசா செலவில்லை. மூன்றாவது படியிலேயே "எனக்கு இது வேண்டாம்" என்று தெரிந்துவிட்டால் மீதியைப் படிக்க வேண்டியதும் இல்லை.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு சிறு நோட்டு, அளவுகோல், தடித்த அட்டைத் துண்டு, கத்தரிக்கோல். வாங்கிய பிறகு செய்யும் சோதனைக்கு ஒரு டார்க் ரெஞ்ச் (வைத்த முறுக்குவிசை வந்ததும் கிளிக் என்னும் ரெஞ்ச்), சமையலறைத் தராசு, மல்டிமீட்டர், வைஸ், 8.8 தரத்தில் (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) ஓர் எம்12 (12 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்டும் நட்டும், மரை நீளமான ஓர் எம்8 போல்ட்டும் நட்டும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றைப் பொருள் வந்த பிறகு தேடத் தொடங்கினால், திருப்பி அனுப்பும் கெடு தேடுவதிலேயே கழிந்துவிடும்.

1. இது எந்த வேலைக்கான கருவி என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இறுகிய போல்ட்டுகளைத் திறக்கும் இம்பாக்ட் ரெஞ்சோடு ஒப்பிட்டால் இது புரியும். அதற்குள் ஒரு சுத்தியல் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. அந்த அடியின் பலம் போல்ட்டுக்குப் போகிறது, உங்கள் கைக்குப் பெரும்பாலும் அதிர்வுதான் வருகிறது. கார்ட்லெஸ் ராட்செட்டில் சுத்தியல் கிடையாது. மோட்டாரின் வேகத்தைப் பற்சக்கரங்கள் குறைக்கின்றன. மையம் விலகிய ஓர் அச்சு, தலைக்குள் இருக்கும் நுகம் போன்ற துண்டை முன்னும் பின்னுமாக ஆட்டுகிறது. அதில் உள்ள நாக்கு ராட்செட் பற்களைப் பிடித்துப் பிடித்துத் தள்ளுகிறது. நீங்கள் கையால் செய்யும் அதே ஆட்டம்தான், மோட்டார் அதைச் சின்னச் சின்னதாக, மிக வேகமாகச் செய்கிறது.

இதன் விளைவை நினைவில் வையுங்கள்: போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்குவிசை போகிறதோ, அதே அளவு எதிர்த்திசையில் உங்கள் மணிக்கட்டுக்கும் வருகிறது. ஒரு கணக்குப் போடுவோம். கருவி 50 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு) கொடுக்கிறது, உங்கள் கை தலையிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருக்கிறது என்றால், கையில் விழும் விசை 200 நியூட்டன். ஏறக்குறைய 20 கிலோ எடை திடீரென்று இழுப்பது போல. கைகளை நீட்டி, வளைந்து, ஒற்றைக் கையால் பிடித்திருக்கும்போது இதைத் தாங்குவது எளிதல்ல.

அதனால்தான் "எண் பெரிதாக இருந்தால் கருவி நல்லது" என்ற எண்ணம் இங்கே செல்லாது. இந்த வகைக் கருவியில் முறுக்குவிசைக்கு உங்கள் கையே எல்லை போட்டுவிடுகிறது. கார்ட்லெஸ் ராட்செட் தளர்ந்துவிட்ட போல்ட்டை வேகமாகக் கழற்றவும், விரலால் பிடிக்கவைத்த போல்ட்டை வேகமாக உள்ளே இறக்கவும் பயன்படுவது. இறுகிய போல்ட்டுக்கு முதல் தளர்வு கொடுப்பதும் கடைசியாக இறுக்குவதும் வேறு கருவிகளின் வேலை.

கார்களின் சக்கர நட்டுகள் பொதுவாக 80 முதல் 140 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கப்படுகின்றன. அவற்றை மனத்தில் வைத்து இதை வாங்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2. இரண்டு வாரம் போல்ட் கணக்கு எழுதுங்கள்

நினைவை நம்பாதீர்கள். ஒரு மோசமான போல்ட்டோடு அரைமணி நேரம் போராடியது மனத்தில் நிற்கும், எளிதாக வந்த முப்பது போல்ட் மறந்துபோகும். அந்த ஒரு போல்ட்டுக்காகத்தான் பலர் கருவி வாங்குகிறார்கள். என் முதல் கணக்கை எழுதும்போது பாதிக்கு மேல் இந்தக் கருவிக்கான வேலையாக இருக்கும் என்று உறுதியாக நம்பினேன். எழுதிப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

வழக்கமான வேலையைச் செய்துகொண்டே ஒவ்வொரு போல்ட்டுக்கும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். போல்ட்டின் அளவு. முதல் தளர்வுக்குப் பிறகு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. ராட்செட்டை எவ்வளவு பாகை வீச முடிந்தது. தளர்ந்த பிறகு விரலால் சுற்ற முடிந்ததா.

கடைசிக் கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கிறது. காரணம் இதோ. எம்8 போல்ட்டின் வழக்கமான மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் மரை உள்ளே இருந்தால் 20 சுற்று. இடம் நெருக்கடியாக இருந்து ஒரு வீச்சில் 60 பாகைதான் திருப்ப முடிகிறது என்றால் சுற்றுக்கு ஆறு வீச்சு, மொத்தம் 120 வீச்சு. நொடிக்கு ஒரு வீச்சு என்றாலும் இரண்டு நிமிடம். நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும் ராட்செட் அதே வேலையை ஆறு நொடியில் முடிக்கும். இதைக் கேட்டதும் பணப்பை தானாகத் திறந்துவிடும்.

ஆனால் அந்தப் போல்ட் விரலுக்கு எட்டுகிறது என்றால், தளர்த்திய பிறகு சாக்கெட்டை (போல்ட் தலையைக் கவ்வும் குழல்) மட்டும் விரலில் பிடித்து 20 சுற்றையும் அரை நிமிடத்தில் முடித்துவிடலாம். கருவியை எடுத்து, பேட்டரி மாட்டி, திசையைச் சரிபார்த்து, உள்ளே நுழைக்கிற நேரத்தைக் கழித்தால் லாபம் பெரிதாக ஒன்றும் நிற்காது.

ஆகவே கணக்கில் வட்டமிட வேண்டியவை இவை மட்டும்: சுற்று எண்ணிக்கை பத்துக்கு மேல், விரல் எட்டாத இடம், வீச்சு 90 பாகைக்குக் குறைவு. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் வட்டம்.

3. கையில் இருப்பதை வைத்து எத்தனை வட்டத்தை அழிக்கலாம் என்று பாருங்கள்

உங்களிடம் இம்பாக்ட் டிரைவர் (அதே சுத்தியல் முறையில் ஓடும் திருகுக் கருவி) இருக்கிறதா? கால் அங்குல அறுகோண முனையிலிருந்து 3/8 அங்குலச் சதுரத்துக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று மிக மலிவு. மேலே நேராக இடம் இருக்கிற எல்லாப் போல்ட்டுக்கும், ஒரு நீட்டிப்புக் கம்பியோடு, இது போதும். அந்த வட்டங்களை அழித்துவிடுங்கள். சிறிய போல்ட்டுகளில் மட்டும் விசைப் பொத்தானை மெல்ல அழுத்திப் பழக வேண்டும், இல்லையென்றால் தலை கையோடு வந்துவிடும்.

உங்கள் கை ராட்செட்டில் எத்தனை பற்கள்? 36 பல் என்றால் அடுத்த பல்லைப் பிடிக்க 10 பாகை வீச வேண்டும். 72 பல் என்றால் 5 பாகை போதும். பழைய ராட்செட்டோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியவர்களுக்கு, பல் நெருக்கமான கை ராட்செட் ஒன்றே பாதித் துன்பத்தைத் தீர்த்துவிடும். அதில் பேட்டரி கிடையாது என்பது கூடுதல் நிம்மதி.

மீதி வட்டங்களை எண்ணுங்கள். இரண்டு வாரத்தில் பத்துக்கும் குறைவு என்றால் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. தொழிலாகச் செய்பவர்களுக்கு அந்த எண்ணிக்கை ஒரே நாளில் வந்துவிடும். அவர்கள் வாங்க வேண்டும், ஆனால் மலிவானதை வாங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. நாள் முழுக்க ஓடும் கருவியை மலிவாக வாங்கினால் அடிக்கடி வாங்க நேரிடும். மலிவு விலை ராட்செட் பொருந்துவது நடுவில் இருப்பவர்களுக்கு, அதாவது வார இறுதிகளில் வண்டியைத் தானே பழுது பார்ப்பவர்களுக்கும், இயந்திரங்களை மாதத்துக்கு ஒருமுறை பிரித்துச் சேர்ப்பவர்களுக்கும்.

4. தலையின் அளவை அட்டையில் வெட்டி உள்ளே நுழைத்துப் பாருங்கள்

விற்பனைப் பக்கத்தில் கருவியின் மொத்த நீளம் இருக்கும். தலையின் உயரமும் அகலமும் பல நேரம் இருக்காது. இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது, பின்னால் ஒரு நாள் திருப்பி அனுப்ப வேண்டி வந்தாலும் இதே ஆளிடம்தான் பேச வேண்டும்.

கிடைத்த அளவுகளில் அட்டையை வெட்டுங்கள். பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, மேலிருந்து பார்க்கும் தோற்றம் ஒன்று. இதில் எல்லோரும் மறப்பது சாக்கெட்டின் உயரம். தலையின் உயரம், சாக்கெட்டின் உயரம், போல்ட் வெளியே ஏறி வரும் உயரம் ஆகிய மூன்றையும் கூட்டித்தான் இடம் பார்க்க வேண்டும். கை ராட்செட்டின் தலையைவிட இதன் தலை பெரும்பாலும் தடிமனாகவே இருக்கும். கை ராட்செட் நுழைந்த இடத்தில் எல்லாம் இதுவும் நுழையும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கைப்பிடியையும் விட்டுவிடாதீர்கள். பேட்டரி மாட்டும் முனை அகலமானது. தலை நுழைந்து, பேட்டரி முனை பக்கத்துக் குழாயில் முட்டி நின்றுபோனதை இருமுறை பார்த்திருக்கிறேன். கழுத்து நீண்ட மாதிரிகள் இதற்காகவே வருகின்றன. ஆழமான இடங்களில் அவை உதவும், ஆனால் மொத்த நீளம் கூடுவதால் சுற்றி வளைத்து நுழைக்கும் இடங்களில் தொல்லை தரும். எது தேவை என்று அட்டை சொல்லிவிடும்.

வட்டமிட்ட போல்ட்டுகளில் பாதியிலாவது அட்டை நுழையவில்லை என்றால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள்.

5. கருவிக்கு முன் பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள்

உங்களிடம் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் பேட்டரிகள் இருந்தால், அதே பேட்டரியில் ஓடும் ராட்செட்டின் விலையை முதலில் பாருங்கள். பேட்டரி இல்லாமல் கருவியை மட்டும் வாங்கும்போது, "விலை அதிகம்" என்று ஒதுக்கிய நிறுவனத்தின் கருவியும் மலிவுப் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதுண்டு. ஒப்பிடும்போது இருபுறமும் ஒரே பொருட்களை வைத்து ஒப்பிடுங்கள்: கருவி, இரண்டு பேட்டரி, சார்ஜர். ஒன்றில் பேட்டரி உண்டு, மற்றொன்றில் இல்லை என்பதைக் கவனிக்காமல் "பாதி விலை" என்று மகிழ்ந்துபோனவர்கள் உண்டு.

மலிவுப் பெட்டியில் வரும் பேட்டரியை எடைபோடத் தெரிந்துகொள்ளுங்கள். லித்தியம் அயன் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுவதும் நிரம்பும்போது 4.2 வோல்ட். மூன்று செல் தொடராக இருந்தால் 10.8 வோல்ட், அதைத்தான் 12 என்று எழுதுகிறார்கள். ஐந்து செல் என்றால் 18 வோல்ட், நிரம்பும்போது 21. ஆகவே 18, 20, 21 என்று மூன்று பெட்டிகளில் மூன்று எண் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஐந்து செல்தான். மலிவுக் கருவிகள் சிலவற்றில் 48, 88 என்ற எண்களுக்குப் பின்னால் வோல்ட் அல்லாத வேறு எழுத்துகளைச் சேர்த்து அச்சிடுகிறார்கள். அது மின்னழுத்தம் அல்ல, கண்ணைக் கவர்வதற்கான எண்.

கொள்ளளவுக்கும் ஓர் எல்லை உண்டு. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 செல்லில் ஏறக்குறைய 3.5 ஆம்பியர் மணிக்கு மேல் அடைக்க முடியாது. ஒற்றை வரிசையில் ஐந்து 18650 செல் உள்ள பேட்டரியின் மேல் 6 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது பொய். சற்றுப் பெரிய 21700 செல் என்றால் 5 அல்லது அதற்குச் சற்று மேலும் போகும். எடையும் காட்டிக்கொடுக்கும்: ஒரு 18650 செல் 45 முதல் 50 கிராம். ஐந்து செல்லுக்கே 225 கிராமுக்குக் குறையாது, அதற்கு மேல் வெளிக்கூடும் மின்பலகையும் உண்டு. ஐந்து செல் பேட்டரி மொத்தமே 200 கிராம்தான் என்றால், உள்ளே இருக்க வேண்டிய செல்கள் இல்லை என்று பொருள்.

இன்னொன்று, ராட்செட்டுக்குப் பெரிய பேட்டரி வேண்டாம். விட்டுவிட்டுச் சில நொடிகள் ஓடும் கருவி இது. 2 ஆம்பியர் மணிப் பேட்டரி இரண்டு இருப்பது, 4 ஆம்பியர் மணிப் பேட்டரி ஒன்று இருப்பதைவிட மேல். கை வலிக்காது, நெருக்கடியில் நுழையும், ஒன்று தீர்ந்தாலும் வேலை நிற்காது.

6. சதுர முனையின் அளவைத் தீர்மானியுங்கள்

கால் அங்குலம், 3/8 அங்குலம், அரை அங்குலம் என்று மூன்று வரும். மில்லிமீட்டரில் 6.35, 9.5, 12.7. சந்தேகம் இருந்தால் 3/8 எடுங்கள், எம்6 முதல் எம்10 வரையிலான வேலை இதில் அடங்கும். உங்கள் போல்ட் கணக்கு முழுக்க எம்5, எம்6 என்று இருந்தால் மட்டும் கால் அங்குலம், அதன் தலையும் சிறிது. மலிவு விலையில் அரை அங்குலம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த முனையைப் பார்த்ததும் கை தானாகப் பெரிய போல்ட்டைத் தேடும், உள்ளே இருக்கும் நாக்கும் நுகமும் அதற்குத் தயாராக இருக்காது.

சாதாரணப் பளபளப்புச் சாக்கெட்டுகளே போதும். சுத்தியல் அடி இல்லாததால் இம்பாக்ட் சாக்கெட் தேவையில்லை. அதன் சுவர் தடிமன் இடத்தைத்தான் அடைக்கும்.

7. விவரப் பட்டியலை இந்த வரிசையில் படியுங்கள்

முதலில் விசைப் பொத்தான். அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் மாறுகிறதா, அல்லது ஓடு, நில் என்று இரண்டு நிலைதானா? வேகம் மாறாத விசையை நான் வாங்க மாட்டேன். போல்ட் அடியைத் தொடும் கணத்தில் மெல்ல வர முடியாவிட்டால் மணிக்கட்டுக்கு அடி நிச்சயம்.

அடுத்து, திசை மாற்றும் திருகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பலவற்றில் தலையின் பின்புறத்தில் இருக்கும். இதன் விபரீதத்தை ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

பிறகு மோட்டார். பிரஷ்லெஸ் (உரசும் கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் குறைவாகச் சூடாகும், அதே பேட்டரியில் கூடுதலாக ஓடும். எப்போதாவது பயன்படுத்துபவருக்குக் கார்பன் பிரஷ் மோட்டாரும் தாங்கும், மாற்று பிரஷ் தனியாகக் கிடைக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

முறுக்குவிசை எண்ணைக் கடைசியாகப் படியுங்கள். இந்த விலையில் 40, 60, 80 என்று எழுதியிருப்பார்கள். அது ஒரு வாக்குறுதி, அவ்வளவுதான். எட்டாம் படியில் அதை நீங்களே அளக்கப் போகிறீர்கள். விளக்குகள், தங்க நிறப் பூச்சு, நாற்பது துண்டுச் சாக்கெட் பெட்டி இவற்றையெல்லாம் கண்டுகொள்ளாதீர்கள். இலவசமாக வரும் சாக்கெட் போல்ட் தலையை வட்டமாக்கிவிட்டால் அதை எடுக்கும் செலவு இலவசமாக வராது.

8. பெட்டியைத் திறந்த அன்றே சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. "அடுத்த வேலை வரும்போது பார்க்கலாம்" என்று வைத்தவர்களுக்கு அடுத்த வேலை கெடு முடிந்த மறுநாள்தான் வரும். சோதனைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தோற்றால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

பேட்டரியைத் தராசில் வையுங்கள். பிறகு முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள், தீப்பிடிக்காத பரப்பின் மேல், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில். நிரம்பியதும் மல்டிமீட்டரால் அளங்கள். ஐந்து செல் பேட்டரி 21 வோல்ட்டையும் மூன்று செல் பேட்டரி 12.6 வோல்ட்டையும் தாண்டக் கூடாது. தாண்டினால் சார்ஜரோ பாதுகாப்புப் பலகையோ சரியில்லை, அன்றே கட்டி அனுப்புங்கள். பேட்டரி தொட முடியாத அளவு சுட்டாலும் அப்படியே.

இனி தலை. சதுர முனையில் ஒரு நீட்டிப்புக் கம்பியை மாட்டி, வெறுமனே ஓடவிட்டுக் கம்பியின் நுனியைப் பாருங்கள். சிறு ஆட்டம் இயல்பு. நுனி பெரிய வட்டம் போட்டால் முனை வளைந்திருக்கிறது அல்லது தாங்கும் துளை பெரிதாகக் கடையப்பட்டிருக்கிறது. சாக்கெட் மாட்டி, விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு மிக மெதுவாக ஓட்டுங்கள். ஒரே திசையில் சீராக நகர வேண்டும். முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டு நின்றால் நாக்கு சரியாகப் பிடிக்கவில்லை. இரு திசையிலும் பாருங்கள், ஒரு திசையில் மட்டும் கெட்டவையும் உண்டு.

அடுத்து முறுக்குவிசை. எம்12 போல்ட்டில் கனமான வாஷர்களையோ இரும்புத் துண்டையோ கோத்து வைஸில் பிடியுங்கள். நட்டை விரலால் இறக்கி, ராட்செட்டால் இறுக்குங்கள். கருவி திணறி நின்றதும் விசையை விட்டுவிடுங்கள். திணறும் நிலையில் பிடித்துக்கொண்டே இருந்தால் மோட்டார் கருகும், சோதனையே அதற்கு எமனாகிவிடும். இப்போது டார்க் ரெஞ்சை 20 நியூட்டன் மீட்டரில் வைத்து, இறுக்கும் திசையில் இழுங்கள். நட்டு நகராமல் கிளிக் என்றால் 25, பிறகு 30 என்று ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். நட்டு எந்த எண்ணில் முதலில் நகர்கிறதோ, கருவி கொடுத்தது அதற்குச் சற்றுக் குறைவு. நின்ற நட்டை மீண்டும் நகர்த்தத் தொடக்க உராய்வையும் வெல்ல வேண்டும் என்பதால், இந்த முறை கருவிக்குச் சாதகமாகவே எண் காட்டும். மூன்று முறை செய்து, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

60 என்று எழுதிய கருவி 35 கொடுத்தால் சிலர் கொதித்துப்போவார்கள். நான் கொதிப்பதில்லை. 8.8 தர எம்6 போல்ட் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டரிலும் எம்8 போல்ட் 25ஐ ஒட்டியும் இறுக்கப்படுகிறது. அளந்த எண் 25க்கு மேல் இருந்தால், சுற்றிக் கழற்றும் வேலைக்கு அது போதும். 20கூட வராவிட்டால்தான் சிக்கல்: சற்றுத் துருவேறிய மரையிலேயே அது பாதியில் நின்றுவிடும்.

கடைசியாகச் சூடு. நீளமான எம்8 போல்ட்டில் ஒரு நட்டை மேலும் கீழுமாகப் பத்து முறை இடைவிடாமல் ஓட்டுங்கள். மோட்டார் பகுதி வெதுவெதுப்பாகலாம். தலைப் பகுதி சுட்டால் உள்ளே கிரீஸ் இல்லை அல்லது பற்கள் உரசுகின்றன. சத்தத்தையும் கேளுங்கள். சீரான கரகரப்பு நல்லது, நடுநடுவே "டக்" என்று தாவினால் பல் பிடி தவறுகிறது.

9. உண்மையான வேலையில் ஒருநாள் ஓட்டுங்கள், ஆனால் இந்த ஒழுங்கில்

பட்டறை மேசையில் தேறிய கருவியையும் தவறாகப் பயன்படுத்தி உடைத்துவிட்டு, "மலிவு என்றால் இப்படித்தான்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கருவியின் மேல் தீர்ப்புச் சொல்லும் முன், அதை நடத்த வேண்டிய விதத்தில் நடத்திப் பாருங்கள்.

கழற்றும்போது: முதல் தளர்வை நீண்ட கைப்பிடி கொண்ட பிரேக்கர் பார் அல்லது ரிங் ஸ்பானரால் கொடுங்கள். கால் சுற்று திரும்பிய பிறகே கார்ட்லெஸ் ராட்செட். கருவியை மாட்டிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் தளர்த்துவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அப்போது முழுச் சுமையும் தலைக்குள் இருக்கும் ஒரு சிறு நாக்கின் மேல் விழுகிறது. சில நிறுவனங்கள் கையால் இழுக்க ஓர் எல்லை வரை அனுமதிக்கின்றன, அது கையேட்டில் எழுதியிருக்கும். எழுதாத கருவியில் அந்த எல்லை பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியை ஓட்டும் முன், பின்புறம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். போல்ட் கழல்கையில் மேலேறி வரும், தலையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். ஒருமுறை ஒரு தாங்கியின் போல்ட்டைக் கழற்றும்போது இதைப் பார்க்காமல் விசையை அழுத்தினேன். தலை, பின்னால் இருந்த சட்டத்தில் போய் இறுகி நின்றது. திருப்பி ஓட்டலாம் என்றால் திசைத் திருகு அந்தச் சட்டத்தோடு ஒட்டிய பக்கத்தில். விரல் நுழையவில்லை. கருவியும் வரவில்லை, போல்ட்டும் வரவில்லை. பக்கத்துப் பாகத்தைப் பிரித்து விடுவிக்க ஒரு மாலை போனது. இடம் குறைவான இடத்தில் பாதி வரை மட்டும் கருவியால் கழற்றி, மீதியைக் கையால் முடியுங்கள்.

விரல்களை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். போல்ட் திடீரென்று இறுகும்போது கைப்பிடி எதிர்த்திசையில் வீசும். கைப்பிடிக்கும் அருகில் இருக்கும் இரும்புக்கும் நடுவில் விரல் முட்டி இருந்தால் அது நசுங்கும். ஓட்டும் முன், "இது எந்தப் பக்கம் உதைக்கும்?" என்று ஒரு நொடி யோசித்து, அந்தப் பக்கத்திலிருந்து கையை எடுங்கள். உதைக்கும் பக்கம் ஏற்கெனவே ஒரு சட்டத்தில் சாய்ந்திருந்தால் இன்னும் நல்லது, உதையை அது வாங்கிக்கொள்ளும்.

பூட்டும்போது: குறைந்தது மூன்று சுற்று விரலாலோ, கையில் பிடித்த நீட்டிப்புக் கம்பியாலோ ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் கை உணரும், மோட்டார் உணராது. அலுமினியத்தில் ஏறும் எம்6 போல்ட்டைக் கோணலாக மோட்டாரால் ஏற்றிவிட்டால், அந்தத் துளைக்குப் புது மரை போட வேண்டியதுதான். மூன்று சுற்றுக்குப் பிறகு கருவியை ஓட்டி, போல்ட் தலை அடியைத் தொடும் முன்பே நிறுத்துங்கள். இறுதி இறுக்கம் டார்க் ரெஞ்சால். 10 நியூட்டன் மீட்டரில் இறுக வேண்டிய போல்ட்டை 35 கொடுக்கும் கருவியால் முடிப்பது, அது உடைகிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான்.

10. வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா

நோட்டை எடுங்கள். வட்டமிட்ட போல்ட்டுகளில் எத்தனைக்குக் கருவி உண்மையில் நுழைந்து, நிற்காமல் முடித்தது? பாதிக்கு மேல் என்றால், மேலே சொன்ன பேட்டரி, தலைச் சோதனைகளிலும் தேறியிருந்தால், வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குக் குறைவு என்றால், எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் அனுப்பிவிடுங்கள். "எப்போதாவது உதவும்" என்று வைத்திருக்கும் கருவியின் பேட்டரி, அந்த எப்போதாவது வரும் நாளில் செத்துப்போயிருக்கும்.

முறுக்குவிசை எண் குறைந்ததற்காக மட்டும் அனுப்பாதீர்கள். பேட்டரி எடையோ மின்னழுத்தமோ தவறியதற்கு மன்னிப்பே வேண்டாம். முனை ஆட்டம் நடுத்தரமாக இருந்து மற்றதெல்லாம் சரி என்றால், அதே மாதிரியில் வேறொன்றை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். மலிவுக் கருவிகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு அதிகம், இரண்டாவது நன்றாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அனுப்புவதானால், கெடுவின் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். லித்தியம் பேட்டரி உள்ள பொதியை எல்லாக் கூரியர்களும் எடுத்துக்கொள்வதில்லை. விற்றவரே வந்து எடுத்துச் செல்வாரா என்பதை வாங்கும் முன்பே கேட்டு வைத்திருந்தால் இப்போது தொல்லை இல்லை. பேட்டரியைக் கருவியிலிருந்து கழற்றி, முனைகளின் மேல் டேப் ஒட்டி, சாக்கெட்டுகளோடு உரசாதபடி தனியாகச் சுற்றி வையுங்கள். டார்க் ரெஞ்சில் அளந்த மூன்று எண்களையும், தராசில் பேட்டரி காட்டிய எடையின் படத்தையும் புகாரோடு சேர்த்தால், "கருவி சரியில்லை" என்ற ஒற்றை வரிக்குக் கிடைப்பதைவிட விரைவாகப் பதில் வரும்.